லைட் எரியுது, செல்ஃப் எடுக்கலை

என் மாமனாரிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் எஞ்சின், கையால் இழுக்கும் சோக். காலையில் சாவியைத் திருப்பினால் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றிவிட்டுப் பிடித்துவிடும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டி, வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி. டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரியும். ஹார்ன் அலறும். செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், மட்டும் சுற்றாது. பங்க் பையன்கள் இரண்டு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் அடுத்த நொடி ஸ்டார்ட் ஆகிவிடும். தள்ள ஆளில்லை என்றால் அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் போதும், தானாகவே எடுக்கும்.

நான் மதுரையிலிருந்து லீவுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் இதற்கு இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. முதலில் பேட்டரிக் கடை. டெஸ்டரை வைத்துப் பார்த்து, லோடு கொடுத்தால் நிற்கவில்லை என்று சொல்லி, பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதிதாக 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மாட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் வண்டி ஒழுங்காக இருந்தது. பிறகு அதே ‘டக்’. அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ் மாற்றி, புஷ் போட்டு, ஆர்மேச்சரைத் துடைத்து மாட்டினார்கள். அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான். மூன்றாவதாக இக்னிஷன் சுவிட்சை மாற்றலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“மாப்ள, லைட்டு இந்த அளவுக்கு எரியுது. பேட்டரியும் புதுசு, செல்ஃபும் புதுசு மாதிரிதான். இன்னும் என்னத்த மாத்த?” என்றார் மாமா.

நம் ஊரில் பழுது பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சந்தேகம் வந்த பொருளை மாற்றிப் பார்ப்பது, சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாற்றுவது. இதற்கு மெக்கானிக்கை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு எலக்ட்ரீஷியன் இரண்டு மணி நேரம் மீட்டரை வைத்துத் தேடி, கடைசியில் ஒரு போல்ட்டைச் சுரண்டி முறுக்கிவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால் “போல்ட் முறுக்கவா ஐந்நூறு?” என்று கேட்கிற ஆட்கள் நாம். அதே ஆள் நாலாயிரம் ரூபாய்க்குப் பொருள் மாற்றினால் பில்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறோம். தேடுகிற வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் தேடாமல் மாற்றுவதுதான் அவருக்குக் கட்டுபடியாகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்துக் கார்களில் சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800இல், அதுவும் கார்புரேட்டர் மாடலில், அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஸ்டார்ட் ஆவதற்கு இரண்டு வழியில் கரண்ட் ஓட வேண்டும். ஒன்று சின்ன வழி: பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், அங்கிருந்து ஒரு மெல்லிய வயரில் செல்ஃப் மோட்டாரின் முதுகில் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச். சோலினாய்டுக்குள் இருக்கும் இரும்பு உருளை உள்ளே இழுபட்டு, மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனை எஞ்சினின் ஃப்ளைவீலோடு கோக்கும். அதே இழுப்பில் ஒரு கனத்த செம்புத் தகடு இரண்டு முனைகளை இணைக்கும். அப்போது பெரிய வழி திறக்கும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள், சோலினாய்டின் செம்புத் தகடு, மோட்டார். மோட்டாரின் உடம்பு கியர்பாக்ஸில் போல்ட் போட்டு நிற்கிறது. அதனால் கரண்ட் அங்கிருந்து எஞ்சின், எர்த் கேபிள் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிவிடும். சின்ன எஞ்சின்தான், ஆனாலும் சுற்றும்போது நூறு ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அசையத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் அதைவிடப் பல மடங்கு.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தமே பாதி சேதி சொல்லிவிடும். சத்தமே இல்லை என்றால் சின்ன வழியில் கோளாறு: சுவிட்ச், மெல்லிய வயர், சோலினாய்டு முனையில் கழன்ற கிளிப். ‘டகடகடக’ என்று அடித்தால் சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பெரும்பாலும் பேட்டரி டவுன் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கனமான ‘டக்’ என்றால் சோலினாய்டு இழுத்துப் பிடித்துக்கொண்டது, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை அல்லது போயும் சுற்றவில்லை. சோலினாய்டை உள்ளே இழுக்கத்தான் நல்ல வோல்ட்டேஜ் வேண்டும். இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கச் சொற்ப வோல்ட்டேஜ் போதும். அதனால்தான் மோட்டார் பட்டினி கிடக்கும்போதும் ‘டக்’ மட்டும் கம்பீரமாகக் கேட்கிறது.

இதோடு ஹெட்லைட் சோதனை என்று ஒன்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பு. லைட் மங்கி அணைந்தேபோனால் பேட்டரி அல்லது டெர்மினல். லைட் அசையாமல் எரிந்து, ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார். நல்ல சோதனைதான், பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும். மாமாவின் வண்டியில் அந்தச் சோதனைதான் எல்லோரையும் செல்ஃப் பக்கம் திருப்பிவிட்டது.

காரணம், ஹெட்லைட்டுக்கு எர்த், அதாவது கரண்ட் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, பாடியில் இருக்கிறது. செல்ஃபுக்கு எர்த் எஞ்சினில். எஞ்சினும் பாடியும் ஒன்று அல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது, ரப்பரில் கரண்ட் ஓடாது. மாமாவின் வண்டியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு கேபிள் பாடிக்கும், பாடியிலிருந்து செம்புக் கம்பியில் பின்னிய ஒரு பட்டை கியர்பாக்ஸுக்கும் போகிறது. முதல் கேபிள் நன்றாக இருந்தால் லைட் எல்லாம் ஜோராக எரியும். அந்தப் பின்னல் பட்டை செத்திருந்தால் செல்ஃப் எடுக்காது. வெளியிலிருந்து பார்த்தால் செல்ஃப் மோட்டார் கோளாறுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

உப்புக்காற்று அடிக்கிற ஊரில், ஷெட் இல்லாமல் வாசலிலேயே நிற்கிற வண்டி. எனக்குச் சந்தேகம் முதலில் போனது எர்த் மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பொருள் மாற்றினால் நானும் அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறேன் என்று ஆகும். மீட்டரை எடுத்தேன்.

மீட்டர் என்றதும் பலரும் செய்வது, பஸ்ஸரில் வைத்து கேபிளின் இரண்டு முனையையும் தொடுவது. ‘பீப்’ என்றால் கேபிள் நல்லது என்று முடிவு. லைட், ஹார்ன் போன்ற சின்ன சர்க்யூட்டுக்கு இது போதும், ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் போதாது. நூறு இழை உள்ள கேபிளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் ‘பீப்’ வரும், ஏனென்றால் மீட்டர் அதில் விடுவது மில்லிஆம்பியர் கணக்கில்தான். ஓம் அளவில் வைத்தாலும் பயனில்லை. 0.05 ஓம் எதிர்ப்பு வழியாக 100 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் 5 போனால் செல்ஃப் எங்கே சுற்றும்? ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். தேடுகிற பொருளைவிடத் தேடுகிற கருவியின் பிழை பெரிது.

அதனால் கரண்ட் ஓடும்போதே பார்க்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கேபிளின் ஒரு முனையில் ஒரு பின், மறு முனையில் மற்றொரு பின்னை வைத்துக்கொண்டு யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். கேபிள் நல்லதென்றால் இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் அந்த இடத்தில் வீணாகப் போகிறது. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எர்த் பக்கம் 0.2, 0.3க்கு மேல் போனால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

செய்வதற்கு முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றி வைத்துவிடலாம். ஒரு தடவைக்கு ஐந்தாறு நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள்.

கோளாறு சூட்டில்தான் வருகிறது என்பதால் வண்டியை ஸ்பிக்நகர் வரை ஓட்டிப்போய், நல்ல வெயிலில் கொண்டுவந்து தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியின் கடை வாசலில் நிறுத்தினேன். அவர் பழைய லாரி ஆள். மீட்டர் வைத்திருக்கிறார், ஆனால் அதிகம் நம்புவது டெஸ்ட் லேம்ப்பையும் விரலையும்தான். மாமா சாவிப் பக்கம், நான் மீட்டர் பக்கம்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. ஃபுல் சார்ஜ் என்று கொள்ளலாம். மாமா சாவியைத் திருப்பினார், ‘டக்’. பேட்டரி முனையில் 11.5.

முதல் துப்பு இதுதான். சாவியைத் திருப்பி, செல்ஃப் சுற்றாமல் நிற்கும்போது பேட்டரி 9, 8 என்று விழுந்தால் ஒன்று பேட்டரி சரியில்லை, அல்லது மோட்டார் ஜாமாகி அளவுக்கு மீறி இழுக்கிறது. இங்கே பேட்டரி ஒரு வோல்ட் சொச்சம்தான் இறங்கியது. அதாவது அதனிடம் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கரண்டை வழியில் ஏதோ தடுக்கிறது.

பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில்: 0.2. பரவாயில்லை. செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில்: 5.4.

அண்ணாச்சி மீட்டரை எட்டிப் பார்த்தார். “போற கரண்டு திரும்பி வரணும்லா சார். வரலியே” என்று சொல்லிவிட்டு, ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு பிராக்கெட்டிலும் கடிக்கவிட்டார். மாமா சாவியைத் திருப்ப, செல்ஃப் விர்ரென்று சுற்றியது. மாமாவே பயந்துபோய்ச் சாவியை விட்டுவிட்டார். இந்த வண்டி அந்த வேகத்தில் சுற்றி அவர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். காலை நேரத்துச் சோம்பல் சுற்றை எல்லோரும் வயசுக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் இந்த ஜம்பர் சோதனை ஒன்றையாவது செய்து பார்க்கலாம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றக் கொடுக்கும் கூலிக்கு இரண்டு ஜம்பர் கேபிள் வாங்கிவிடலாம்.

ஐந்தரை வோல்ட் எங்கே போகிறது என்று இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தோம். நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் 0.1, அந்தக் கேபிள் நல்லது. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மிச்சம் மொத்தமும். இரண்டு மூன்று முறை ‘டக்’ அடிக்கவைத்துவிட்டு அண்ணாச்சி அந்தப் பின்னல் பட்டையின் பாடி முனையில் விரலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். அங்கே வீணாகிற 5 வோல்ட்டும், ஒரு கட்டை விரல் அகல லக்கில், அதாவது முனையில் அழுத்திய உலோக வளையத்தில், சூடாகத்தான் மாறுகிறது.

பட்டையைக் கழற்றினோம். வெளியே பார்த்தால் கறுத்திருந்தது, அவ்வளவுதான். லக்கை வளைத்ததும் கழுத்துப் பக்கம் இழைகள் பொடியாக உதிர்ந்தன. உள்ளே பச்சைக் களிம்பு. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் துரு தகடாக எழும்பியிருந்தது. கரண்ட் போய்க்கொண்டிருந்தது ஏழெட்டு இழைகளிலும் போல்ட்டின் மரையிலும்தான். குளிரில் அது எப்படியோ சமாளித்தது. எஞ்சின் சூடானால் செம்பின் எதிர்ப்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். 50 டிகிரிக்கு ஐந்தில் ஒரு பங்கு. மோட்டாரின் சுருளுக்கும் இதே கணக்குத்தான். அதோடு களிம்பு பிடித்த பிடிப்பும் சூட்டில் தளரும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற வண்டிக்கு அவ்வளவு போதும்.

சோக் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சோக் நாப் ரொம்ப நாளாகவே இழுக்கக் கடினமாக இருந்தது, ஒர்க்‌ஷாப்பில் அதற்கு எண்ணெய் விட்டு அனுப்பியிருந்தார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால், கார்புரேட்டர் அருகே சோக் கேபிளின் மேலுறை இளகி, உள்ளே இருக்கும் இரும்புச் சுருளின் வரி வரியான தடம் வெளியே தெரிந்தது. எஞ்சின் சூட்டில் உருகியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கேபிள் ஒரு முனையில் எஞ்சினையும் மறு முனையில் டேஷ்போர்டு தகட்டையும் தொடுகிறது. எர்த் பட்டை கைவிட்டதும் செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் ஓடியிருக்கிறது. சாவியைத் திருப்பும்போது இந்தக் கேபிள்களில் ஏதாவது சுடுகிறது, புகைகிறது, திடீரென்று இறுகிவிட்டது என்றால் எண்ணெய் விடாமல் எர்த்தைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் அது ஸ்டார்ட் பிரச்சினையாக நிற்காது, ரோட்டில் வேறு பிரச்சினையாகிவிடும்.

சரிசெய்த வேலை சின்னது. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றி வைத்தோம். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தோம், கியர்பாக்ஸ் பக்கமும் அப்படியே. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இரு முனையும் லக் அழுத்தி, பல் வாஷர் போட்டு முறுக்கி, முடிந்த பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினோம். சிலர் ஜெல்லியை முதலில் தடவிவிட்டு லக்கை வைப்பார்கள்; எனக்கு அது பிடிக்காது, உலோகம் உலோகத்தை நேராகத் தொட்டபிறகு காற்று புகாமல் மூடினால் போதும். புது சோக் கேபிள் ஒன்று. எல்லாம் சேர்த்தும் பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை. அண்ணாச்சி கூலி என்று ஒரு தொகை சொன்னார், மாமா பேரம் பேசாமல் கொடுத்ததை நான் குறித்துக்கொண்டேன்.

மறுபடி ஓட்டிச் சூடாக்கி வந்து அளந்தோம். செல்ஃப் உடம்புக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் 0.15. வண்டி தொட்டதும் எடுத்தது. ஆனால் மாமா பேட்டரி அளவைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “மாப்ள, முந்தி 11.5 இருந்துச்சு. இப்போ செல்ஃப் அடிக்கும்போது 10.4க்கு இறங்குதே. புது பேட்டரியும் போச்சா?”

நியாயமான கேள்வி. கோளாறு இருந்தபோது பேட்டரியிலிருந்து போதுமான கரண்ட் வெளியே போகவில்லை, அதனால் அது இறங்கவில்லை. இப்போது நிஜமாகவே எஞ்சினைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் போகிறது, அதனால் இறங்குகிறது. சுற்றும்போது 9.6க்குக் கீழே போகாதவரை கவலை இல்லை. எண் உயரமாக இருந்தால் நல்லது என்று வோல்ட் மீட்டரை மார்க் ஷீட் போலப் படிக்க முடியாது.

இன்னொன்றும் அளந்தேன். பழைய பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் செத்தது என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும், நம் ஊரில் இன்னும் டைனமோ என்றே சொல்கிறார்கள், எஞ்சினில்தான் போல்ட் போட்டு நிற்கிறது. அது கொடுக்கும் கரண்ட் முழுவதும் அதே எர்த் பட்டை வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். கழற்றி வைத்த பட்டையைத் திரும்ப மாட்டி, ஹெட்லைட் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் முனையில் 14.2, பேட்டரி முனையில் 13.1. புதுக் கேபிளை மாட்டினால் பேட்டரியில் 14.0. ஆக, பழைய பேட்டரிக்கு எத்தனையோ காலமாக வயிறு நிறைய சார்ஜே ஏறவில்லை. அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் அது திரும்ப வராது. பேட்டரிக் கடைக்காரர் ‘லோடு கொடுத்தால் நிற்கவில்லை’ என்றது பொய் இல்லை. பேட்டரி கெட்டதற்குக் காரணம் பேட்டரியில் இல்லை என்பதுதான் அவர் பார்க்காதது. புதிதாக வாங்கியதும் இத்தனை நாள் அதே அரைச் சாப்பாட்டில் இருந்திருக்கிறது என்பதால் அன்று இரவு அதைக் கழற்றி அண்ணாச்சியின் சார்ஜரில் போட்டுவிட்டு வந்தோம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயரிலும் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும்போது 1.3 வோல்ட் போகிறது. இப்போதைக்கு வண்டி எடுக்கிறது, ஆனால் சுவிட்சின் உள்முனைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சுவிட்சையே மாற்றுவதைவிட நடுவில் ஒரு 30 ஆம்பியர் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச், போட்டு, சோலினாய்டுக்கான கரண்டை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கொடுத்துவிட்டால் சுவிட்சுக்குப் பாரம் குறையும். ரிலேயும் சாக்கெட்டும் வாங்கி குளோவ் பாக்ஸில் போட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது மாட்ட வேண்டும்.